மூன்று நிமிடக் கதைக்கு ஒரு திருத்தம்

கார்க், அயர்லாந்து
9 செப்டம்பர் 2024

அண்ணா,

இருபத்து மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அப்பாவைக் கூப்பிட்டால், "வளவன் நல்லாத்தாம்மா இருக்கான். சாப்பிடறான், வேலைக்குப் போறான்" என்கிறார். அதற்கு மேல் நான் கேட்பது அவர் காதில் விழுவதில்லை. பாய்லர் தொழிற்சாலை ஷாப்பின் சத்தத்துக்கு முப்பத்தைந்து வருடம் கொடுத்துவிட்டு வந்த காது அது. நான் இங்கே சமையலறையில் நின்று கத்தினால், மாடியிலிருந்து ஒரு கொலம்பியாக்காரி இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

உனக்கு என் மேல் என்ன கோபம்? ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டவுன்ஷிப் ஸ்கூலில் பேச்சுப் போட்டி என்றால் கோப்பை எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மிதப்பில்தான் விமானம் ஏறினேன். இங்கே வந்து எழுதிக் கொடுத்த முதல் கட்டுரையே திரும்பி வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகும் வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றார்கள். அதை நடத்துகிறவர் பெயர் நோரா. ஐம்பது வயதிருக்கும். என் கட்டுரையின் ஓரத்தில், 'எல்லாவற்றையும் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதியிருந்தார்.

அவர் வகுப்பில் முதல் பாடமே ஒரு படம் செய்வதுதான். மூன்று நிமிடம். நம் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நாமே எழுதி, நம் குரலிலேயே பேசிப் பதிவு செய்து, நம்மிடம் இருக்கும் போட்டோக்களை அதோடு கோக்க வேண்டும். சொந்தக் கதைக்குச் சொல் தேடிப் பழகிவிட்டால் கட்டுரைக்குச் சொல் தேடப் பயம் இருக்காது என்று அவர் நம்புகிறார். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொன்னோம். வியட்நாம் பெண் அவள் அப்பாவின் படகைப் பற்றிச் சொன்னாள். நைஜீரியாக்காரர் விசாவுக்காக நின்ற வரிசையைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தபோது எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நாம் மூவரும் முக்கொம்பில் எடுத்துக்கொண்ட போட்டோ, அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அது என் போனில் இருந்தது. நான் முடித்தபோது வட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். நன்றாக இருக்கிறது, பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வந்து மூன்று மாதத்தில் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது, அண்ணா. மற்ற நேரமெல்லாம் கடையில் வாய் திறந்தால் "சாரி?" என்கிறார்கள். நான் பாதி சொல்வதற்குள் அவர்களே ஊகித்து முடித்து, வேறு எதையோ எடுத்துக் கொடுக்கிறார்கள். நேற்று அப்படித்தான், கேட்காத ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். என் பெயரை 'எலா' என்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

எழுது. திட்டியாவது எழுது.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
22 செப்டம்பர் 2024

இளாவுக்கு,

கடிதமாக எழுதியது நல்லது. இனியும் கடிதமாகவே எழுது. போனில் என் வாக்கியத்தை நீ முடித்துவிடுவாய். எழுத்தில் அது முடியாது.

உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். அப்பாவிடம் போன் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரை இதில் இழுக்காதே.

வீடியோவைப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை, டீ நேரம். துவாக்குடியில் எங்கள் டிராயிங் ஆபீஸில் அருள்ராஜ் என்று ஒருவர் என் பக்கத்து மேஜை. அவரும் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர். பழைய மாணவர்கள் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்ததை என்னிடம் நீட்டி, "வளவன், இந்த போட்டோவுல இருக்கறது நீங்கதானே?" என்றார். அதற்குள் நாலைந்து பேர் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பார்க்கும்படி ஆயிற்று.

'என் அண்ணன் மௌனத்திலேயே வாழ்ந்தான். நான் அவனுடைய நாக்கானேன்.' இதை நீ சொல்லும்போது என் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறாய். எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்று முக்கொம்பில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன் இளா. அம்மாவிடம். அவளுக்கு அவசரமே கிடையாது. குடையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நான் சொல்லி முடிக்கும்வரை கேட்பாள். உனக்கு அது ஞாபகமில்லை. நீ ஊஞ்சலில் இருந்தாய்.

உன் வீடியோவால் இங்கே நடந்ததையும் தெரிந்துகொள். அருள்ராஜ் நல்ல மனிதர். மூன்று வருடமாக நான் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அவர் பாட்டுக்குப் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். நான் சொல்லி முடித்ததும் பதில் சொல்வார். இப்போது கண்ணில் ஈரத்தோடு எனக்காகப் பேச ஆரம்பித்திருக்கிறார். கேன்டீனில் எனக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிடுகிறார். பெரம்பலூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு நீராவிக் குழாய் வரிசை முழுவதும் நான்தான் வரைந்தேன். ஆலைக்காரர்களிடம் போய் விளக்கிச் சொல்வதும் நானே என்று ஜூலையிலேயே முடிவாகியிருந்தது. முதலாளி ஆசீர் சார் போன வாரம் கூப்பிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அருள்ராஜ் பேசிக்குவாரு. நீங்க கூட இருந்தாப் போதும்" என்றார். அவரும் பார்த்திருக்கிறார்.

நீ கையெழுத்துப் போட்டாய். என்னைக் கேட்டாயா?

அம்மா போன நாளைப் பற்றி அதில் நீ சொல்லியிருப்பதைக் குறித்து நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

வளவன்


கார்க்
24 செப்டம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கேட்காதது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் ஏதோ உன் வாயைக் கட்டிப் போட்டது போல் இருக்கிறது. கண்டக்டரிடம் "ரெண்டு பாலக்கரை" என்று சொன்னது யார்? உன் பத்தாம் வகுப்பு வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் போய், "எங்கண்ணனுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார்" என்று நின்றது யார்? அப்போது எனக்குப் பத்து வயது. என்னோடு படித்ததுகள் எல்லாம் விளையாடிக்கொண்டிருந்தன. உன் பின்னாலேயே அலைந்த எனக்கு அது சுமையாக இருந்ததா என்று நீயாவது, அப்பாவாவது ஒரு நாள் கேட்டதுண்டா? உனக்கு நாக்காக இருந்ததுதான் என் கதை. அதை விட்டால் எனக்கு என்ன கதை இருக்கிறது?

இன்னொன்று. படத்தை வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். படத்தில் உணர்ச்சியாகச் சொன்னதை எல்லாம் கட்டுரையில் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். இது எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. இதுதான் நோராவின் பாடம். 'நான் அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்கு எங்கள் முகவரியைச் சொன்னேன்' என்ற வரிக்குக் கீழே சிவப்பில், 'உன்னைத் தவிர அங்கே இருந்தவர் யார்? அவரைக் கேட்டாயா?' என்று எழுதியிருக்கிறார். நீதான் இருந்தாய். நீயோ ஒன்றும் சொல்லப் போவதில்லை என்கிறாய். அப்படி என்ன இருக்கிறது சொல்லாமல் வைத்துக்கொள்ள? அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி புதிதாக வரும் மாணவர்கள் நூற்றைம்பது பேருக்கு இந்தப் படத்தைத் திரையில் போடப் போகிறார்கள். பக்கத்தில் நின்று நான் பேச வேண்டும்.

அன்று உன்னையே நம்பி விட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்குமா அண்ணா? நீயே சொல்.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
13 அக்டோபர் 2024

இளாவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பாவால் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை லீவு. நான் பிரஷர் குக்கரைத் துலக்கிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் டி.வி. மட்டும்தான் பேசும். அதையும் முழுச் சத்தத்தில் வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். அன்று டி.வி. ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். மேஜை டிராயரிலேயே கிடக்கும் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ரிட்டயர்ட் ஆட்கள் குரூப்புக்கும் உன் படம் வந்துவிட்டது. நாலு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா ஆஸ்பத்திரிக்கு பேசினேன்னா சொல்றா?"

தலையாட்டினேன்.

"அது எப்படி? அவ பேசினது எங்க ஷாப்புக்குடா. ஃபோர்மேன் வந்து, சுடலைமுத்து, உம் பொண்ணு போன்ல வீட்டு அட்ரஸைச் சொல்லிக் கத்துது, ஓடுன்னாரு. அப்படித்தான் நான் வந்தேன். நான் வர்றதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்து நிக்குது." போனை மேஜைமேல் வைத்தார். "அப்ப ஆஸ்பத்திரிக்கு யாருடா பேசினது?"

"நான்தாம்பா" என்றேன். அந்த ஒரு சொல் வெளியே வர எனக்கு நேரமாயிற்று. அவர் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"யாரும் கேக்கல."

காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்தார். பிறகு அதைத் திறந்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். உன் கட்டுரைக்கு வைத்துக்கொள். அம்மா விழுந்ததும் நான் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். திக்கியது. இல்லை என்று சொல்லவில்லை. முகவரியில் முதலில் வரும் செக்டர் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "பதறாதீங்க தம்பி, நான் லைன்லதான் இருக்கேன். மெதுவாச் சொல்லுங்க" என்றது. செக்டர், குவார்ட்டர்ஸ் நம்பர், அம்மாவின் வயது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரல் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தது. வண்டி கிளம்புகிறது என்றது. அதற்குப் பிறகு அப்பாவின் ஷாப்புக்குப் போன் செய்தேன். அந்த நேரத்தில்தான் நீ உள்ளே வந்தாய். என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாய்.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் உன் தலையைத் தடவி, "பத்து வயசுல என்னா தைரியம்" என்றார்கள். ஒரு வாரம் நீ தூங்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவாய். அதை உன்னிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அது எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கும்தான். ஆனால் அதை எடுத்து என்னையே நீ அடிப்பாய் என்று நினைக்கவில்லை.

வளவன்


கார்க்
14 அக்டோபர் 2024

அண்ணா,

படித்தேன். எழுத வரவில்லை. இரண்டு முறை ஆரம்பித்து அழித்துவிட்டேன். கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இல்லை.

இளா


கார்க்
2 நவம்பர் 2024

அண்ணா,

முந்தாநாள் தீபாவளி. இங்கே அது வியாழக்கிழமை, அவ்வளவுதான். அப்பா போனில், "பட்டாசுச் சத்தம் கேக்குதாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கருவி மாட்டியிருந்தார் போல. பேசி முடித்துவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். கொலம்பியாக்காரி ஊருக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் ஆறு அறை, அன்று நான் மட்டும்தான்.

படத்தை எடுத்துவிட்டார்கள். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் நோராவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் உடனே கம்ப்யூட்டரைத் திறந்து நான் பார்க்கும்போதே எழுதி அனுப்பினார். மாலைக்குள் அந்தப் பக்கத்தில் இல்லை. போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருப்பதை நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. பழைய மாணவர்கள் குரூப்பில், நான் சொன்னது தவறு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அம்மாவுக்கு வண்டி வரவழைத்தது என் அண்ணன் என்று எழுதினேன். நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அடுத்து யாரோ கல்யாணப் பத்திரிகை அனுப்பினார்கள். வீடியோ போன தூரத்துக்குத் திருத்தம் போகாது போலிருக்கிறது. அருள்ராஜாவது பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

இருபத்தொன்றாம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நோராவைக் கேட்டேன். "அது உன் இஷ்டம்" என்றார். போனேன். படம் இல்லை, வெறும் மேடை. என் அண்ணனைப் பற்றி ஒரு கதை செய்தேன், அது உண்மையில்லை, அவனைக் கேட்காமல் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நூற்றைம்பது பேர் பார்க்கிறார்கள். முதல் வாக்கியம் தொண்டையை விட்டு வரவில்லை. முன்வரிசையில் ஒருவன் எனக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் எப்படிச் சொல்வேன்!

கட்டுரையைத் திரும்ப எழுத ஆரம்பித்தேன். உன் பக்கத்துக்கு உன் கடிதம் இருக்கிறது. அப்பாவின் பக்கத்துக்கு அவர் சொன்னது இருக்கிறது. என் பக்கம்தான் பாக்கி. ஒவ்வொரு வரியாக, உனக்கு எப்படித் தெரியும், நீ எங்கே இருந்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு போனேன். 'நான் உள்ளே வந்தேன்' என்ற வரியில் நின்றுவிட்டேன். நீ எழுதியதும் அதுதானே. நீ உள்ளே வந்தாய். எங்கேயிருந்து வந்தேன்? படத்தில் நான் வீட்டிலேயே இருப்பது போலச் சொல்லியிருந்தேன். இத்தனை வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

லிசி அக்கா வீட்டில் இருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ். லிசி அக்கா இல்லை, அவள் தம்பி தங்கைகள் இருந்தார்கள். பெரியவர்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. நீ வந்து வாசலில் நின்றாய். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லிசி அக்காவின் தம்பி உன்னைப் போலவே வாயைக் கோணிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணா. சிரித்துவிட்டு, "வரேன், போ" என்றேன். நீ போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாய். எனக்கு மானம் போனது. உன்னைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் நீ எப்போது போனாய் என்று தெரியாது. விளம்பரம் வந்த பிறகுதான் எழுந்து வந்தேன்.

இதை நான் மறந்திருந்தேனா, மறைத்திருந்தேனா? நோராவின் பாஷையில் சொன்னால், மறைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நீ அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறாய். சொல் வராமல் தவித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உடனே எழுந்து வந்திருந்தால் அம்மா என்னைப் பார்த்திருப்பாளா? ஏதாவது கேட்டாளா? நான் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்க முடியுமா?

இது கட்டுரைக்கு இல்லை. கட்டுரையில் அந்த இடத்தில், 'இதற்கு முன் நடந்தது என் அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் அனுமதி இல்லாமல் எழுதமாட்டேன்' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். இது எனக்கு. அந்த மத்தியானத்தை உன் வாயால் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி. நான் குறுக்கே பேசமாட்டேன்.

இளா


ஸ்ரீரங்கம்
10 நவம்பர் 2024

அன்புள்ள இளாவுக்கு,

முதலில் ஆபீஸ் விஷயம். குரூப்பில் நீ எழுதியதை அருள்ராஜ் படித்துவிட்டார். என்னிடம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசாததற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஆசீர் சாரிடம் நானே போய், ஆலைக்காரர்களிடம் நான்தான் பேசுவேன் என்றேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "சரி, பேசுங்க" என்றார். புதன்கிழமை போனோம். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டியது ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆலை இன்ஜினியர் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டபோது அருள்ராஜ் வாயைத் திறந்தார். "இருங்க அருள்ராஜ்" என்றேன். அது திக்காமல் வந்தது. டிராயிங்கில் இரண்டு மாற்றம் கேட்டார்கள். இரண்டும் நியாயமான மாற்றம்தான். திரும்பி வரும்போது ஜீப்பிலிருந்து காவிரிப் பாலத்தில் இறங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இனி நீ கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை, அப்பா தூங்குகிறார். எழுதி முடித்துவிடுகிறேன்.

மே மாதம். பகல் பதினொன்றரை இருக்கும். அம்மா கொல்லையில் துணி காயப் போட்டுவிட்டு வந்து, தலையை என்னவோ செய்கிறது என்றாள். தண்ணீர் எடுத்து வரப் போனேன். திரும்பி வருவதற்குள் சமையலறை வாசலில் விழுந்திருந்தாள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அதைச் சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். உன் டீச்சர் கேட்டால் உறுதியாகச் சொல்லமாட்டேன். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை இளா. என்னைப் பற்றியும் கேட்கவில்லை. அவளால் பேச முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் பேசினேன். வண்டி வருகிறதும்மா, வண்டி வருகிறதும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளிடம் எனக்கு எப்போதுமே அவ்வளவாகத் திக்காது. என் விரலைப் பிடித்திருந்தாள். பிறகு பிடி விட்டது. மூக்கின் கீழே கை வைத்துப் பார்த்தேன். மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். தலையை மெதுவாகத் தரையில் வைத்து, அவளுடைய முந்தானையைச் சுருட்டி அடியில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் லிசி வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் ஷாப்புக்குப் போன் செய்தது அங்கிருந்து திரும்பிய பிறகு.

ஆகவே நீ உடனே எழுந்து வந்திருந்தாலும் அவளைப் பார்த்திருக்க முடியாது. செய்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரும் அப்பாவிடம் அதையே சொன்னார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இதை நம்பு.

நான் வந்தபோது நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் ஒரு தட்டு, அதில் மிக்சர். டி.வி.யில் ஒரு பூனை மாடிப்படியில் உருண்டு விழுந்துகொண்டிருந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தப் பையன் வாயைக் கோணிக் காட்டியதெல்லாம் பிறகு. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் பார்த்தது நீ சிரித்ததைத்தான்.

சொல் வராமல் தவித்தேன் என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வருடமாக என்னை நிறையப் பேர் அப்படி நினைத்திருக்கிறார்கள். பல தடவை அது உண்மைதான். அன்று அந்த வாசலில் எனக்குத் திக்கவில்லை. உதடு அசைந்தது என்கிறாய். அசைந்திருக்கும். சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நான்தான் அதை விடவில்லை. சொன்னால் நீ எழுந்துவிடுவாய். எழுந்த பிறகு உனக்கு அம்மா இருக்கமாட்டாள். சொல்லாத வரைக்கும் உனக்கு இருக்கிறாள். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் இருக்கிறாள்.

அந்தப் பூனை மறுபடியும் படி ஏறட்டும் என்று நின்றேன். நீ இன்னொரு தடவை சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அண்ணன்
வளவன்